ஓவசியர் ஐயாவின் மீனுக்குப் புழு பிடித்தது

“சண்டியன் மூண்டு நாளாச் சாப்பிடேல்லையடா.”

எங்கள் வேலையை மேற்பார்க்கிற ஓவசியர் ஐயா இப்படிச் சொன்னபோது கந்தோரில் ஒருவரும் சிரிக்கவில்லை. என் வாய்தான் சும்மா இருக்கவில்லை. “பாணும் சம்பலும் வாங்கிக் குடுப்பமோ ஐயா?”

சண்டியன் அவருடைய மீன். சிவப்பு வால் வைத்த சண்டை மீன், மேசையில் ஒரு கண்ணாடிப் போத்தலுக்குள் இருந்தது. உயிருள்ள நுளம்புப் புழுவைத் தவிர வேறொன்றும் தின்னாது. பாண் தூள் போட்டால் துப்பிவிடும்.

எங்கள் சுகாதாரக் கந்தோரின் வேலையோ கடித்துக் காய்ச்சல் பரப்புகிற நுளம்பை ஒழிப்பது. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்ட எனக்குக் கிடைத்த முதல் உத்தியோகம், அதுவும் தற்காலிகம். வீடு வீடாகப் போய்த் தண்ணீர் நிற்கிற சிரட்டை, தகரப் பேணி, ரயர் எல்லாவற்றையும் கவிழ்க்க வேண்டும். புழு கண்ட வீட்டைக் கொப்பியில் ‘பொசிட்டிவ்’ என்று எழுத வேண்டும். நான் எழுதுவதோடு நிற்பதில்லை, வாசல் படலையில் நின்று அயலுக்கும் கேட்கக் கத்துவேன். அந்தக் கலகலப்பை நினைத்தால் இன்றும் அந்த ஒழுங்கைகளுக்கு ஓடிப்போகத் தோன்றும்.

“பகிடி விடாதை. உன்னை நிரந்தரமாக்கிற கடதாசி என்ரை மேசை லாச்சிக்குள்ளை கிடக்கு. திங்கக்கிழமைக்கு முன்னம் மீன் செத்தால் கடதாசியும் செத்துது.”

போத்தலும் டிப்பருமாக வெளிக்கிட்டேன். டிப்பர் என்பது நீண்ட பிடி வைத்த வெள்ளை அகப்பை. புழு பிடிக்க ஒரு சூட்சுமம் உண்டு. மூச்சு விட மேலே வந்து தொங்கும் புழு, நம் நிழல் விழுந்தால் நெளிந்து அடிக்குப் போய்விடும். ஆகையால் வெயிலை முகத்தில் வாங்கிக்கொண்டு நின்றுதான் அள்ள வேண்டும்.

அள்ளத்தான் ஒன்றுமில்லை. சிரட்டைகளெல்லாம் நானே கவிழ்த்தவை. கிணறுகளில் புழு தின்னும் மீனை நாங்களே விட்டிருந்தோம். தெருவோரக் கான்களிலும் புழுவைக் கொல்ல நாங்கள் ஊற்றிய எண்ணெய்தான் மிதந்தது.

கடைசியில் குருநகரில் மீன் விற்கிற றோசம்மா அக்காவின் வளவுக்குப் போனேன். அவருடைய பழைய தோணிக்குள் மழைத்தண்ணீர் நின்றதென்று போன கிழமைதான், “அக்கா நுளம்புப் பண்ணை வைச்சிருக்கிறா!” என்று தெருவெல்லாம் கேட்கக் கத்தியிருந்தேன்.

“ஆர், பொசிட்டிவ் தம்பியோ? இண்டைக்கு என்ன பிழை கண்டனி?”

“பிழை இல்லை அக்கா. கொஞ்சம் புழு கிடைக்குமோ எண்டு...”

அக்கா இடுப்பில் கைவைத்துச் சிரித்தார். “பிள்ளையள், ஓடி வாங்கோ! போன கிழமை புழு இருக்கெண்டு பேசினவர், இண்டைக்குப் புழு கேட்டு வந்து நிக்கிறார்!”

அயல் முழுவதும் வேலிக்கு வந்துவிட்டது. எனக்குக் காது சுட்டது.

“தோணியை அண்டைக்கே கவிட்டுப்போட்டன் ராசா. சந்தையாலை வரேக்கை உங்கடை கந்தோர் விறாந்தையிலைதான் மீன் கடகத்தை இறக்கி வைச்சு இளைப்பாறுறனான். அங்கை தொங்கிற சிவப்பு வாளியளை ஒருக்கா எட்டிப் பார்.”

நெருப்புப் பிடித்தால் ஊற்றுவதற்கென்று தொங்கவிட்ட வாளிகள். ஓடிவந்து ஒன்றை இறக்கி முற்றத்து வெயிலில் வைத்தேன். கொதிக்கிற சோறு போலப் புழு புரண்டது.

ஓவசியர் ஐயா வந்து குனிந்து பார்த்தார். “ஒண்டுமில்லையேடா. நான் ஒவ்வொரு நாளும் பாக்கிறனான்.”

“ஐயா, கொஞ்சம் இஞ்சாலை நில்லுங்கோ. உங்கடை நிழல்.”

அவர் விலகினார். சிறிது நேரத்தில் ஒவ்வொன்றாக மேலே வந்து தொங்கின.

ஐயா நிமிர்ந்தார். உள்ளே போய்ப் போத்தலை எடுத்துவந்து சண்டியனை அந்த வாளிக்குள் விட்டார். பிறகு என் கொப்பியை வாங்கி, எங்கள் கந்தோரின் பெயரை எழுதி, அதற்கு நேரே ‘பொசிட்டிவ்’ என்று போட்டார்.

“கத்துறதெண்டால் கத்தடா,” என்றார்.

நான் கத்தவில்லை. மற்ற வாளிகளைக் கவிழ்த்து உரஞ்சினேன்.

திங்கட்கிழமை கடதாசி கிடைத்தது. ஐயா இடம் மாறிப்போனபோது சண்டியனை வாளியோடுதான் கொண்டுபோனார். கந்தோர் வாளி என்று நான் மறிக்கவில்லை.

புதிதாக டிப்பர் பிடிக்கிற தம்பிமாருக்கு நான் சொல்வது இவ்வளவுதான். ஒரு வளவுக்குள் போனால் முதலில் உங்கள் நிழல் எங்கே விழுகிறதென்று பாருங்கள். படலையில் நின்று கத்துவதற்கு முன்பு, உங்கள் கந்தோர் வாளியையும் ஒருக்கால் எட்டிப் பாருங்கள்.