குளியலறைச் சுவரில் ஒரு 'ஞ'

அந்த வீட்டில் குளிக்கப் போகிறவர் முதலில் சுவரைப் பார்க்க வேண்டும். சதுர டைல்களில் அங்கங்கே சோப்பு நுரை அப்பியிருந்தால், தண்ணீர் தெறிக்காமல் ஓரமாக நின்று குளித்துவிட்டு வர வேண்டும். நுரையெல்லாம் எழுத்து. எழுத்துக்குச் சொந்தக்காரி அந்த வீட்டு மருமகள். பழைய கணினித் திரைகளுக்காக, எட்டுக்கு எட்டுக் கட்டத்துக்குள் புள்ளி வைத்து எழுத்து வரைவது அவள் தொழில். ஒரு டைல், ஒரு புள்ளி. 'ட' சாது, இரண்டு கோட்டில் அடங்கிவிட்டது. 'ஞ'தான் கால் நீட்ட இடம் கேட்டு மல்லுக்கு நின்றது.

பழைய கணினிகளைக் கண்காட்சியாக வைத்திருக்கும் ஒருவர், வாசல் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு கணினியை வைத்து அறிவிப்புகளைக் காட்டப் போகிறார். வெள்ளிக்கிழமைக்குள் எழுத்து படிக்கிற மாதிரி வராவிட்டால் அட்டையில் எழுதி ஒட்டிவிடுவதாகச் சொல்லிவிட்டார். போயும் போயும் ஓர் அட்டையிடமா தோற்பது?

வியாழக்கிழமை 'ஞ' ஒருவழியாக அடங்கியது. அவர் கொடுத்தனுப்பிய கணினியில் ஏற்றிப் பார்த்தாள். சுவரில் கொழுகொழுவென்று இருந்தது, திரையில் எலும்பும் தோலுமாக நின்றது.

"என்ன அண்ணி, சோறு தண்ணி காட்டலையா இதுக்கு?" என்றாள் நாத்தனார்.

"சும்மா இருடி, நானே நொந்து போயிருக்கேன்."

மூக்கு ஒட்டும் அளவுக்குக் குனிந்தாள். ஒரே ஒரு புள்ளியை எரியவிட்டு ஸ்கேலை வைத்தாள். அட! புள்ளி சதுரமே இல்லை. அகலத்தைவிட உயரம் கூட. இத்தனை நாளும் சதுர டைலை நம்பி மோசம் போயிருக்கிறாள்.

சமையலறைக்கு ஓடினாள். அடுப்புக்குப் பின்சுவரில் நெட்டை டைல்கள். அளந்தால் கிட்டத்தட்ட அதே வாகு. பாத்திர சோப்பை நுரைத்து, உயரத்தில் இரண்டு வரிசையை விட்டுக்கொடுத்து, அகலத்தில் விளிம்புவரை இழுத்தாள்.

"குளிக்கிற இடம் போச்சு, இப்ப சமைக்கிற இடமுமா? அடுத்து என் முதுகா?" என்றான் கணவன்.

"உங்க முதுகுல கட்டம் இல்லையே!"

வெள்ளிக்கிழமை அட்டை தோற்றது. ஞாயிற்றுக்கிழமை குடும்பமே சீவிச் சிங்காரித்து எழுத்தைப் பார்க்கக் கிளம்பியது. கண்காட்சிக் கதவில் பூட்டு. கண்ணாடிக்குப் பின்னால் பச்சை எழுத்தில்: 'ஞாயிறு விடுமுறை'.

"ரோட்டுக்கு அந்தப் பக்கத்துலயே படிச்சிட்டேன். வாங்க அண்ணி, போலாம்."

அவள் நகரவில்லை. கண்ணாடியில் நெற்றி ஒட்டியிருந்தது.

"இருடி. அந்த 'ஞ'வோட காலுல ஒரு புள்ளி கூடுதலா இருக்கு."