சம்பந்தி போட்ட கோடு

என் மகளை அவர் மகனுக்குக் கொடுத்திருக்கிறேன். அந்த வகையில் அவர் எனக்குச் சம்பந்தி. அவர் வேலை பார்த்த அலுவலகத்தில் அவரை ‘ஸ்கேல்’ என்று கூப்பிடுவார்கள். நான் படங்களுக்கு பிரேம் போடும் கடைக்காரன். கண்ணாடி வெட்டுகிறவனுக்குப் பொறுமை வேண்டும் என்பார்கள். எனக்கு அது கண்ணாடியோடு சரி, மனிதர்களிடம் கிடையாது.

ஓய்வு பெற்ற பிறகு டாக்டர் அவரைக் காலையில் நடக்கச் சொன்னார். துணைக்கு என் மகள் என்னைத் தள்ளிவிட்டாள். அவரோடு நடப்பது எனக்கு ஒரு தண்டனை. தெருவில் ஒரே ஓரமாகத்தான் வருவார். எதிர்ப்பக்கம் போக வேண்டுமென்றால் நிற்பார், வண்டி வாசமே இல்லாத தெருவை வாய்க்காலைத் தாண்டுவது போலக் காலை அகட்டி வைத்துத் தாண்டுவார். ரயில் பாதைக்கு அந்தப் பக்கம், மாவு மில் இருக்கும் நாற்சந்திக்குப் போய்விட்டால் கேட்கவே வேண்டாம். அங்கே ஒதுங்கி நின்று, லேசாகத் தலை குனிந்து யாருக்கோ வழிவிடுவார். சுற்றிலும் ஈ, காக்கை இருக்காது.

பல நாள் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் கேட்டே விட்டேன், யாருக்கு இவ்வளவு மரியாதை என்று.

“மாமா நிக்கிறாரு, சம்பந்தி,” என்றார்.

மாமா என்றால் அவருடைய அக்கா வீட்டுக்காரர். அவர் செத்துச் சில வருஷம் ஆகிவிட்டது. பிணத்தைத் தூக்கியவர்களில் நானும் ஒருத்தன். பயம் வந்தால் எனக்குக் கோபமும் கூடவே வரும். காலங்காத்தாலே உளறாதீங்க என்று கத்திவிட்டு விறுவிறுவென்று முன்னால் நடந்தேன். திரும்பிப் பார்க்க மட்டும் தைரியம் வரவில்லை.

அதற்குப் பிறகு அவரே சொல்ல ஆரம்பித்தார். ஒரே மூச்சில் இல்லை, ஒருநாள் கொஞ்சம், மறுநாள் கொஞ்சம், சில நாள் ஒன்றுமே இல்லை. நான்தான் துண்டு துண்டாக ஒட்டவைத்துக்கொண்டேன்.

சின்ன வயதிலேயே அப்பா அம்மா போய்ச் சேர்ந்துவிட, அவரை வளர்த்தவள் அக்கா. படிக்க வைத்தவர் மாமா. மாமாவுக்கு லேத் பட்டறையில் வேலை. ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் முழுக்கப் பட்டறைகள்தான், அதனால் அந்த இடத்துக்கே பட்டறைப் பகுதி என்று பேர். அங்கே இருப்பவர்கள் ஓட்டு என்றால் ஒரே பக்கமாகக் குத்துவார்கள். அவர்களுக்குப் பிரசவம் பார்த்து, காய்ச்சலுக்கு மருந்து கொடுத்த நர்ஸம்மாதான் அவர்கள் ஜெயிக்க வைத்த தொகுதி உறுப்பினர். ஆளுங்கட்சி என்ன ஆட்டம் ஆடியும் அந்தத் தொகுதியில் மட்டும் அதன் பருப்பு வேகவில்லை. நர்ஸம்மாவுக்குப் பட்டறைப் பகுதியில் எல்லாமாக இருந்தவர் மாமா. வாசல் வாசலாகப் போவார், எல்லாரையும் ஓட்டுச் சாவடிக்கு அழைத்துவருவார், எண்ணுகிற இடத்தில் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

சம்பந்தி வரைபடம் வரைகிற அலுவலகத்தில் இருந்தார். மாடியில் நீளமான அறை, சாய்வு மேசைகள், டிரேசிங் தாள் சுருளாமல் இருக்க மூலைக்கு மூலை இரும்புக் கட்டிகள். ஒரு வருஷம் தொகுதிகளை மாற்றி வரையச் சொல்லி உத்தரவு வந்தது. விதிகள் ரொம்பச் சுலபம். ஒவ்வொரு தொகுதியிலும் தலைக்கணக்கு ஏறக்குறையச் சமமாக வர வேண்டும். கோடு தெருவின் நடுவிலோ, சாக்கடை மேலோ, ரயில் பாதை மேலோ போக வேண்டும். வேறு எதையும் எந்த நீதிமன்றமும் கேட்காது. மேலதிகாரி இன்னொரு படமும் கொண்டுவந்து கொடுத்தாராம். எந்தச் சாவடியில் எந்தக் கட்சிக்கு ஓட்டு விழுகிறது என்று வண்ணம் பூசிய படம். சும்மா பார்வைக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்றாராம். சம்பந்தி அதைச் சுருட்டி அலமாரியில் வைத்துவிட்டார். அவருக்குத் தலைக்கணக்கே போதுமான தலைவலியாக இருந்தது.

பட்டறைப் பகுதியை இரண்டாகப் பிரிக்கச் சொன்னார்கள். இரண்டாகப் பிரித்தால் கணக்கு உதைத்தது. ஒரு பக்கம் கனத்தது, இன்னொரு பக்கம் இளைத்தது. இந்த மனிதருக்குக் கணக்கு நேராகாவிட்டால் சோறு இறங்காது. அந்தச் சந்து பொந்தெல்லாம் ஓடி விளையாடிய ஆள் அவர். மாவு மில் முன்னால் இரண்டு தெருக்கள் குறுக்கே வெட்டிக்கொள்வது அவருக்கு ஞாபகம் வந்தது. அந்த இரண்டு தெரு வழியாகக் கோட்டை ஓட்டினால் பகுதி நாலு துண்டாகும். ஒவ்வொரு துண்டையும் அடுத்திருக்கும் பெரிய பகுதியோடு சேர்த்துவிட்டால் நாலு பக்கமும் தலைக்கணக்கு அச்சாக விழுந்தது. சந்தோஷத்தில் விசிலடித்தாராம். அவர் விசிலடித்து நான் பார்த்ததே இல்லை.

தாளை எடுத்துக்கொண்டு அதிகாரியிடம் ஓடினார். அதிகாரி பேசாமல் எழுந்துபோய் அந்த வண்ணப் படத்தை எடுத்துவந்து மேசையில் விரித்து, அதன்மேல் இவருடைய டிரேசிங் தாளைப் போட்டார். கீழே இருந்த வண்ணம் மேலே தெரிந்தது. நர்ஸம்மாவின் வண்ணம் நடுவில் ஒரே திட்டாக இருந்தது. இவர் கோடு அதை நாலாகக் கிழித்து, ஒவ்வொரு கீற்றையும் ஆளுங்கட்சி வண்ணத்துக்குள் தள்ளியிருந்தது.

“எனக்கே இது தோணலையேப்பா,” என்று அதிகாரி சிரித்தார்.

சம்பந்தி அப்போதுதான் பார்த்தார். ஒரு கை உப்பை ஒரு குவளைத் தண்ணீரில் போட்டால் வாயில் வைக்க முடியாது. அதையே நாலு அண்டாவில் பிரித்துப் போட்டால் உப்பு போட்டதே தெரியாது. அவ்வளவுதான் விஷயம். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், நாக்கு எழவில்லை. சொல்லியிருந்தாலும் கோடு மாறியிருக்காது என்று இப்போது சொல்கிறார். இருக்கலாம். எனக்கு அந்தச் சமாதானம் பிடிக்கவில்லை, அவருக்கும் பிடிக்கவில்லை.

இத்தோடு போயிருந்தால் கதையே இல்லை. புதுத் தொகுதிகளை அறிவித்து, ஆட்சேபணை இருந்தால் சொல்லலாம் என்று ஒரு மாதம் அவகாசம் கொடுத்தார்கள். நர்ஸம்மாவுக்கு ஏதோ மூக்கில் வேர்த்தது. ஊரைத் திரட்டி ஆட்சேபிக்க வேண்டும் என்றாள். மாமா, எதற்கும் விவரம் தெரிந்தவனைக் கேட்டுவிடலாம் என்று பட்டறையிலிருந்து நேராக மச்சான் வீட்டுக்கு வந்தார். கையெல்லாம் கிரீஸ், அதனால் நாற்காலியில் சாயாமல் நுனியிலேயே உட்கார்ந்திருந்தாராம். இது நமக்கு நல்லதா கெட்டதா, நீ சொல்லு, நீ சொன்னா சரி என்றார்.

அலுவலகத்தில் நடப்பதை வெளியே பேசக்கூடாது என்று எழுதி வாங்கியிருந்தார்கள். பேசினால் வேலை போகும். மகன் அப்போது கைக்குழந்தை. அதெல்லாம் உண்மைதான். ஆனால் தெரியாது என்று சொல்லியிருக்கலாமே? வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாமே? இவர் சொன்னது வேறு.

“நல்லதுதான் மாமா. இதுவரைக்கும் ஒருத்தர்தான் உங்க வாசல்ல வந்து நின்னாரு. இனிமே நாலு பேரு வந்து நிப்பாங்க.”

மாமா முகம் மலர்ந்து போனார். நேராகப் போய் ஊரைக் கூட்டி, ஆட்சேபணை எல்லாம் வேண்டாம், இனி நமக்கு ஒன்றுக்கு நாலு என்றார். யார் உனக்குச் சொன்னது என்று கேட்டதற்கு, விவரம் தெரிந்தவங்க சொன்னாங்க என்று மட்டும் சொன்னார். நாலு தொகுதியிலும் நர்ஸம்மா பக்கத்து ஆட்களே நின்றார்கள். பட்டறைப் பகுதி என்றைக்கும் இல்லாத அளவுக்குத் திரண்டு போய் ஓட்டுப் போட்டது. படுத்த படுக்கையாக இருந்தவர்களைக்கூட மாமா தள்ளுவண்டியில் வைத்து அழைத்துப் போனார்.

நாலிலும் மண்ணைக் கவ்வினார்கள். நர்ஸம்மாவும் தோற்றாள். எல்லாத் தொகுதியையும் கூட்டிப் பார்த்தால் ஆளுங்கட்சிக்கு விழுந்த ஓட்டு மற்றவர்களுக்கு விழுந்ததைவிடக் குறைவு. கிடைத்த இடங்கள் மட்டும் அதிகம். பத்திரிகையில் அதை ஒரு மூலையில் கட்டம் கட்டிப் போட்டார்கள். மறுநாள் வேறு செய்தி வந்தது. கொஞ்ச நாளில் பட்டறைப் பகுதியில் இருந்த ஒரே மருத்துவமனையை மூடி, கட்டடத்தைக் கிடங்காக்கினார்கள்.

ஜனங்களுக்கு மண்டை வெடித்தது. நாம எல்லாரும் போட்டோமே, எங்கே போச்சு? இந்தத் தெருக்காரன் அந்தத் தெருக்காரனைப் பார்த்து, நீ மாத்திக் குத்தியிருப்பே என்றான். கடைசியில் எல்லா விரலும் ஒரே ஆளை நோக்கித் திரும்பியது. ஆட்சேபணை வேண்டாம் என்றவன் யார்? ஒன்றுக்கு நாலு என்று காதில் பூ சுற்றியவன் யார்? எவ்வளவு வாங்கினாய்? மாமா வாயே திறக்கவில்லை. மச்சான் பேரைச் சொன்னால் மச்சான் வேலை போய்விடும். பட்டறையில் வேலை கொடுப்பதை நிறுத்தினார்கள். எதிரே வருகிறவர்கள் தெருவின் அந்த ஓரத்துக்குப் போய்விடுவார்கள். அப்படியே வருஷக்கணக்காக இருந்து, எங்கள் பிள்ளைகள் கல்யாணத்துக்குப் பிறகு காய்ச்சலில் படுத்து, செத்தார். தூக்க ஆளில்லை. வேறு தெருவிலிருந்து வந்த நான், இடுப்புவலிக்காரன், தோள் கொடுத்தேன்.

அதற்குப் பிறகு சம்பந்திக்குத் தெருவெல்லாம் அந்தக் கோடு தெரிய ஆரம்பித்துவிட்டது. நாம் தார் ரோட்டைப் பார்க்கும் இடத்தில் அவர் மை ஈரம் காயாத கோட்டைப் பார்க்கிறார். நாற்சந்தியில் கோடுகள் வெட்டிக்கொள்ளும் இடத்தில் மாமா நிற்கிறார். திட்ட மாட்டார், கேட்க மாட்டார். கையில் கிரீஸ் இருப்பதால் எதிலும் சாயாமல் நிற்பார். அதுதான் தாங்க முடியவில்லை என்று சம்பந்தி சொன்னபோது, நான் முதல் தடவையாக அவரைத் திட்டாமல் இருந்தேன்.

போன மாதம் மறுபடியும் தொகுதிகளை மாற்றுவதாக அறிவித்தார்கள். பட்டறைப் பகுதி ஆட்கள் மாவு மில் முற்றத்தில் கூடுவதாகக் கேள்விப்பட்டு, நீங்களும் வாங்க சம்பந்தி, தனியா என்னால முடியாது என்றார். போனோம். மாலை வெயில், மில் ஓடவில்லை, காற்றில் மாவு மட்டும் மிதந்தது. அக்கா பின்வரிசையில் சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். மில்காரர்தான் பேச ஆரம்பித்தார். போன தடவை மாதிரி எவன் பேச்சையாவது கேட்டு ஏமாந்துடக் கூடாது என்றார். யாரும் அக்காவைத் திரும்பிப் பார்க்கவில்லை. அவள் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

சம்பந்தி எழுந்தார். ஒன்றையும் பூசி மெழுகவில்லை. கோடு போட்டது நான், மாமாவிடம் நல்லது என்று சொன்னதும் நான், அவர் ஒரு காசு வாங்கவில்லை, என்னைக் காப்பாற்றத்தான் வாயை மூடிக்கொண்டார் என்று எல்லாவற்றையும் சொன்னார். தரையில் படிந்திருந்த மாவில் விரலால் பட்டறைப் பகுதியை வரைந்து, குறுக்கே இரண்டு கோடு இழுத்து, எப்படித் தோற்றார்கள் என்றும் காட்டினார். எல்லாரும் குனிந்து பார்த்தார்கள். நான் அவர் பக்கத்தில் போய் நின்றேன். அடிக்க வந்தால் குறுக்கே விழ வேண்டும் என்றுகூட நினைத்தேன்.

யாரும் அடிக்கவில்லை. மில்காரர் எழுந்துவந்து சம்பந்தியின் தோளில் கை போட்டார்.

“உங்க மனசு எங்களுக்குப் புரியுதுங்க. வளர்த்த மனுஷன் பேரு கெட்டுக் கெடக்குதேன்னு பழியைத் தூக்கி உங்க தலையில போட்டுக்கிறீங்க. மச்சான்னா இப்படி இருக்கணும். ஆனா ரெண்டு கோடு போட்டு ஒரு ஊரையே தோக்கடிக்க முடியுமா? எங்களுக்குத் தெரியாதா யாரு வித்தான்னு?”

ஆமாம் ஆமாம் என்றார்கள். ஒருத்தர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் சொல்வது சத்தியம், நம்புங்க என்று சம்பந்தி மன்றாட மன்றாட அவர்களுக்கு அவர்மேல் மரியாதை கூடிக்கொண்டே போனது. இத்தனை வருஷமாகக் கட்டிக் காத்த பகையை மாவில் போட்ட ரெண்டு கோட்டுக்காக விடுவார்களா? யாரோ அவருக்கு நாற்காலி கொண்டுவந்து போட்டார்கள். அவர் உட்காரவில்லை. எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த மில்காரரின் சட்டையைப் பிடித்திருப்பேன், சம்பந்திதான் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

அங்கே அவரை நம்பிய ஆள் ஒருத்திதான். கூட்டம் கலைந்ததும் அவளைத் தேடிக்கொண்டு வெளியே வந்தோம். மில் வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டிருந்தாள். சம்பந்தி பக்கத்தில் போய், அக்கா என்றார். அவள் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். அழவில்லை.

“கடைசிக் காய்ச்சல்ல அவரு என் கையைப் பிடிச்சுக்கிட்டு, ‘அவன் வேலைக்கு ஒண்ணும் வந்துடக் கூடாது, அவன் வேலைக்கு ஒண்ணும் வந்துடக் கூடாது’ன்னு சொல்லிக்கிட்டே இருந்தாரு, தம்பி. ஜுரத்துல உளர்றாருன்னு நெனச்சேன்.”

அவ்வளவுதான் சொன்னாள். பிறகு நாற்சந்தியை நேராகக் கடந்து தன் வீட்டுக்குப் போனாள். கூட வராதே என்று அவள் சொல்லவில்லை. ஆனாலும் சம்பந்தி இருந்த இடத்தை விட்டு நகரவில்லை.