ஊசிமுனை கிடைத்த இடம்

கல்லூரியின் கடைசி வருடத்தில் நானும் என் தோழியும் சேர்ந்து ஒரு கணினி விளையாட்டு செய்தோம். அதில் ஓடுவது, சுடுவது எதுவும் கிடையாது. திரையில் ஒரு பனியன் கம்பெனியின் தையல் கூடம் தெரியும். எந்தப் பொருளின் மேல் கிளிக் செய்தாலும் அதைப் பற்றி ஒரு வரி கேட்கும். சிலவற்றை எடுத்து வைத்துக்கொண்டு பிறகு பயன்படுத்தலாம். அப்படித் தேடித் தேடிக் கதையை நகர்த்த வேண்டும்.

படம் வரைந்தது அவள். கதையும் புதிரும் என்னுடையவை. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாகப் பார்த்த முதல் ஆள் நான். அதனாலோ என்னவோ, என் புதிர்களைப் பற்றி எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. ஒரு புதிரின் விடை விளையாடுபவர் ஏற்கெனவே கண்டதிலோ கேட்டதிலோ இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அது புதிர் இல்லை, ஏமாற்று.

எங்கள் விளையாட்டின் நடுப்புதிர் அம்மாவிடமிருந்து வந்தது. தையலில் ஊசி உடைந்தால் எல்லாத் துண்டுகளையும் சேர்த்து ஒப்படைத்த பிறகுதான் புது ஊசி தருவார்கள். குழந்தை போடும் துணிக்குள் ஒரு முனை போய்விட்டால் என்ன ஆகும்? விதி சரியான விதிதான். ஒருநாள் அம்மாவின் ஊசி உடைந்து முனை மட்டும் கிடைக்கவில்லை. தையல் லைன் முழுவதும் வேலை நின்றது. எல்லார் முன்னாலும் அம்மாவின் கொண்டையை அவிழ்த்து உதறச் சொன்னார்கள். டிபன் பாக்ஸைக் கவிழ்த்தார்கள். சாயங்காலம் சூப்பர்வைசர் கேட் பக்கம் அம்மாவைக் கூப்பிட்டு, தன் செருப்பின் அடியில் குத்தியிருந்த முனையைப் பிடுங்கிக் கையில் கொடுத்தார். "எங்க கெடச்சுதுன்னு யார்கிட்டயும் சொல்லாதீங்க" என்றார். அம்மா சொல்லவில்லை. அது அவள் தலையிலேயே இருந்தது என்று கூடம் முழுவதும் முடிவு கட்டிக்கொண்டது.

இதை அம்மா என்னிடம் மட்டும்தான் சொன்னாள். விளையாட்டில் வைக்கலாமா என்று கேட்டேன்.

"என் பேரு வராதுல்லா?"

"வராதும்மா."

"அப்ப வையி. நாலு பேருக்குத் தெரியட்டும்."

அதனால் என் புதிரில் முனை சூப்பர்வைசரின் செருப்பில் இருந்தது. ஊசி உடைந்த பிறகு அவர் நடக்கும்போது சிமென்ட் தரையில் 'டிக்' என்று ஒரு சத்தம் கேட்கும். காது கொடுப்பவர் கண்டுபிடித்துவிடலாம். தையல்காரப் பெண்ணுக்கு நானே குரல் கொடுத்தேன். என் பேச்சில்தான் அம்மா ஊர்ச் சாயல் இருக்கிறது என்று தோழி சொன்னாள். முதல் காட்சியில் அந்தப் பெண் தாமதமாக வேலைக்கு வருவாள். அதற்காக, "மன்னிச்சுக்கோங்க சார், தப்பு எம்மேலதான்" என்று ஒரு வரி பேசிப் பதிவு செய்தேன்.

அம்மா வேலை பார்ப்பது பெருமாநல்லூரில், தோழியின் அப்பா நடத்தும் கம்பெனியில்தான். ஊசிமுனை விஷயம் நடந்ததும் அங்கேதான். தெரிந்தேதான் தோழியிடம் எல்லாம் சொன்னேன். கேட்டு அழுதாள். "உங்கம்மா பாவமுல்லோ" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

விளையாட்டு முடிந்து சில வாரங்களில் அவளிடமிருந்து போன் வந்தது. "என்ற அப்பாவுக்கு ரொம்பப் புடிச்சுப் போச்சு. ஊசி விசயத்தப் பத்தி எல்லாருக்கும் சொல்லித்தர இதையே போட்டுக் காட்டலாம்ங்கறாரு. சனிக்கிழமை வந்துரு கண்ணு."

கம்பெனி கேன்டீனில் சுவரில் திரை கட்டியிருந்தார்கள். முன்வரிசையில் அந்த சூப்பர்வைசர் உட்கார்ந்திருந்தார். இப்போது அவர் மேனேஜர். கதை என்று என் பெயர் திரையில் வந்ததும் கைதட்டினார்கள். தோழியின் அப்பா அம்மாவைப் பார்த்து, "உங்க புள்ள செஞ்சதுங்க. நீங்களே வந்து வெளையாடுங்க" என்றார்.

அம்மா மவுஸைத் துணியை நீவுவதுபோல மேசையில் நகர்த்தினாள். ஊசி உடைந்தது. சூப்பர்வைசர் நடந்தார். டிக், டிக். அம்மா என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். அம்புக்குறியை நேராகச் செருப்புக்குக் கொண்டுபோய் அழுத்தினாள்.

"இதுல ஒண்ணுமில்லீங்க" என்றது விளையாட்டு. தோழியின் குரல்.

அம்மா மறுபடி அழுத்தினாள். இதுல ஒண்ணுமில்லீங்க.

"எக்கா, அவரு செருப்ப எதுக்கு நோண்டுற? டிபன் பாக்ஸத் தொறந்து பாரு!" என்று பின்னாலிருந்து ஒருத்தி கத்த, கேன்டீன் சிரித்தது. இன்னொருத்தி, "கொண்டையிலயும் பாருக்கா!" என்றாள். மேனேஜரும் சிரித்தார்.

அம்மா என்னைப் பார்த்தாள். இந்த முறை சிரிக்கவில்லை. பிறகு டிபன் பாக்ஸை அழுத்தினாள். மூடி திறந்தது, சோற்றுக்கு நடுவில் ஊசிமுனை மின்னியது. கூடவே என் குரல் கேட்டது. மன்னிச்சுக்கோங்க சார், தப்பு எம்மேலதான்.

எல்லாரும் கைதட்டினார்கள்.

கை கழுவும் இடத்தில் தோழியை மடக்கினேன்.

"கத்தாத கண்ணு. மேனேஜரு எங்களுக்குச் சொந்தம். அப்பா மாத்தச் சொன்னாரு. நான் என்னத்தப் பண்ண?"

"என் குரலை எதுக்கு எடுத்த?"

"புதுசா ரெக்கார்டு பண்ண நேரமில்ல. அது சும்மா கெடந்துச்சு. ஒரே ஒரு வரிதான?"

அவளால் உண்மையாகவே அதை ஒரு வரியாகத்தான் பார்க்க முடிந்தது. எங்கள் மென்பொருளில் அது அவ்வளவு சுலபம். கிளிக் செய்யும் இடத்தைக் காட்டச் செருப்பைச் சுற்றி நான் போட்ட கோடு அப்படியே இருக்க, அதில் மாட்டியிருந்த வரியை மட்டும் கழற்றி வேறொன்றை மாட்டியிருக்கிறாள். டிக் சத்தத்தை நீக்கக்கூட அவளுக்குத் தோன்றவில்லை. என் புதிர் அதே தடயத்தோடு பொய் சொல்லிக்கொண்டு நிற்கிறது.

மண்ணரையில் இருக்கும் எங்கள் வீட்டுக்குத் திரும்பும் பஸ்ஸில் அம்மா டிக்கெட்டை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தாள். நான்தான் பொறுக்காமல், "நீ ஏம்மா டிபன் பாக்ஸைத் தொட்ட?" என்றேன்.

"திங்கக்கெழமையும் அங்கதான போவணும்" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தபோது லேப்டாப்பைக் கொண்டுபோய்ப் பக்கத்தில் வைத்தேன். நான் செய்த பழைய விளையாட்டு அதில் அப்படியே இருந்தது. "இதுல செருப்புலதாம்மா இருக்கு. வெளையாடிப் பாரு."

"வேண்டாம். அதான் முடிச்சாச்சுல்லா."

அடுத்த சட்டையை எடுத்து உதறினாள். மடிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு கேட்டாள்.

"தப்பு எம்மேலன்னு சொன்னது ஒங்குரலுதான?"

"ஆமா. ஆனா அது வேற எடத்துக்காகப் பேசினதும்மா. லேட்டா வர்ற எடத்துக்கு. அவதான் எடுத்து..."

"சரி, சரி" என்றாள்.

நம்பினாளா என்று தெரியவில்லை. சட்டையின் கைகளைப் பின்னால் மடக்கி, காலரைச் சரிசெய்து, அடுக்கின் மேல் வைத்தாள்.