மௌனப் படத்தில் நான் பேசிய பேச்சு

எண்பதுகளின் கடைசியில், சிட்லபாக்கத்தில் எங்கள் நகர் நலச் சங்கக் கட்டடத்தில் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை உலக சினிமா காட்டுவோம். பல்லாவரத்திலிருந்து ஓர் ஆபரேட்டர் புரொஜெக்டரும் படப்பெட்டியுமாக வருவார். படம் முடிந்ததும் நான் பத்து நிமிடம் பேசுவேன். சினிமா பற்றித் தடிதடியாகப் புத்தகங்கள் வாங்கிவைத்திருந்தேன் என்பதே என் தகுதி. படங்கள் எதையும் முழுதாகப் பார்த்ததில்லை; விளக்கை அணைத்ததும் கண் சொக்கிவிடும். அது மட்டும் தெரிந்துவிட்டால் எங்கள் ஊர் ஏரிக்கரைப் பக்கம் தலைகாட்ட முடியாது.

அந்த மாதம், மர்மப் படங்களால் உலகப் புகழ் பெற்ற ஓர் இயக்குநர் இளவயதில் எடுத்த மௌனப் படம். பங்களாவில் ஒரு கொலை. மருமகன், டாக்டர், அத்தை என்று வீட்டிலிருந்த ஐந்து பேரில் செய்தது யார் என்பது கதை. காலையிலேயே புத்தகத்தில் கதைச் சுருக்கத்தைப் படித்துவிட்டேன். மதியம் வத்தக்குழம்பையும் அப்பளத்தையும் ஒரு கை பார்த்துவிட்டு, மூன்று மணிக்கு மனைவியோடு முன்வரிசையில் போய் உட்கார்ந்தேன்.

தலைக்கு மேல் ஃபேன். எதிரே ஒரு வார்த்தை பேசாத படம். தூங்கிவிட்டேன்.

பேசும் படத்தில் குறட்டை விட்டால் பக்கத்து நாற்காலியோடு போய்விடும். மௌனப் படத்தில் அதுதான் பின்னணி இசை. மனைவி விலாவில் ஓங்கி இடித்தாள். விழித்தால் விளக்கு எரிகிறது, திரை வெறுமையாக இருக்கிறது. பேசக் கூப்பிடுகிறார்கள் என்று நேராக மைக்கிடம் போனேன்.

"கடைசியில் டாக்டர்தான் கொலைகாரர் என்று தெரியும்போது நமக்கு வரும் அதிர்ச்சி இருக்கிறதே..."

அதிர்ச்சி நிஜமாகவே வந்தது.

"சார்! ரீல் மாத்திக்கினு கீறேன் சார்! இன்னும் ரெண்டு ரீல் கீது!" என்று ஆபரேட்டர் அலறினார். ஒரே புரொஜெக்டர், ரீல் மாற்றும்போதெல்லாம் விளக்கைப் போடுவது வழக்கம்.

"போச்சு! நான் அந்த மருமகன் மேல கண்ணு வெச்சிருந்தேனே சார்!" என்றார் இரண்டாம் வரிசையிலிருந்த ஓய்வுபெற்ற ஸ்டேஷன் மாஸ்டர்.

திரும்பி வந்து உட்கார்ந்தேன். "குறட்டையே தேவலைங்க" என்றாள் மனைவி.

அடுத்த இரண்டு ரீலும் கண் கொட்டவில்லை. அவமானத்தைப் போல் தூக்கத்தை விரட்டுவது வேறொன்றும் இல்லை. கொன்றது டாக்டர் அல்ல. எல்லோருக்கும் சாதுவாகத் தேநீர் கொடுத்துக்கொண்டிருந்த அத்தை! நான் படித்துவைத்தது, புத்தகத்தில் எதிர்ப்பக்கத்தில் இருந்த, அதே இயக்குநரின் வேறொரு படத்தின் கதை; அதிலும் ஒரு டாக்டர்.

விளக்கு எரிந்தது. மெதுவாக வாசல் பக்கம் நழுவினேன். கைதட்டல் கேட்டது. திரும்பினால், எல்லோரும் என்னைப் பார்த்துத் தட்டுகிறார்கள். ஸ்டேஷன் மாஸ்டர் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

"பிரமாதம் சார்! மொத்த ஹாலும் அந்த டாக்டரையே முறைச்சுக்கிட்டு இருந்தோம். வேணும்னே என்னமா திசை திருப்பிட்டீங்க!"

கேட்டுக்கொண்டு போயிருக்கலாம். மனசு ஒப்பவில்லை. தூங்கியது, பக்கம் மாறிப் படித்தது, இதுவரை பேசிய எந்தப் படத்தையும் முழுதாகப் பார்க்காதது எல்லாவற்றையும் அங்கேயே கொட்டினேன்.

"என்னா தன்னடக்கம் சார் உங்களுக்கு!" என்றார் அவர்.

அடுத்த மாதம் நாற்காலி போதவில்லை. நானோ, ஆபரேட்டரிடம் கெஞ்சி, காலையிலேயே படத்தை முழுதாகப் பார்த்துவிட்டுத்தான் மைக்கைத் தொட்டேன். இன்றும் யாராவது என்னைப் புத்திசாலி என்று சொன்னால், முதலில் மனைவியின் முகத்தைத்தான் பார்த்துக்கொள்கிறேன். நான் விட்ட எல்லா ரீலையும் விழித்திருந்து பார்த்தவள் அவள் ஒருத்திதான்.