கொக்காகிப் போன இளவரசியும் எங்கள் அத்தையின் கல்யாணமும்

வத்தல் கிள்ளும் இடத்தில் போய் உட்கார்ந்தால் முதலில் மூக்கு எரியும், பிறகு தொண்டை, அப்புறம் கண். அருப்புக்கோட்டையில் எங்கள் அப்பா மிளகாய் வத்தலுக்குக் கமிஷன் கடை வைத்திருந்தார். திருச்சுழி, நரிக்குடிப் பக்கத்துப் புஞ்சைகளிலிருந்து மாட்டு வண்டியில் வந்திறங்கும் மூட்டைகளில் கொஞ்சம், காம்பு கிள்ளித் தரம் பிரிப்பதற்காக எங்கள் வீட்டுப் பின்கட்டுக்கு வந்துவிடும். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வீட்டுப் பெண்களும் கூலிக்கு வரும் பெண்களும் முந்தானையால் மூக்கைக் கட்டிக்கொண்டு குவியலைச் சுற்றி உட்காருவார்கள். அந்த நேரத்தில் யாராவது அழுதால் கதைக்காக அழுகிறாளா, வத்தல் நெடிக்காக அழுகிறாளா என்று கண்டுபிடிக்க முடியாது. அழ வேண்டியவர்களுக்கு அது ரொம்ப வசதியாக இருந்தது என்று இப்போது தோன்றுகிறது.

கதை வாசித்தது கனகம் அத்தை. அப்பாவின் கடைசித் தங்கை. பள்ளிக்கூடப் படிப்பை முடித்துவிட்டு, மேலே படிக்க மதுரைக்கு அனுப்ப மாட்டோம் என்று வீட்டில் சொல்லிவிட்டதால் சும்மா இருந்தாள். வத்தல் கிள்ளிய கையால் புத்தகத்தைத் தொட்டால் தாளெல்லாம் காரம் ஏறிவிடும், அப்புறம் அந்தத் தாளைத் தொட்டவர்கள் கண்ணைக் கசக்கினால் தொலைந்தது. அதனால் ஒருத்தி கையை மட்டும் சுத்தமாக வைத்துக்கொண்டு எல்லோருக்கும் வாசிப்பது என்று ஏற்பாடு. மதுரை பஸ்ஸில் வந்திறங்கும் வாரப் பத்திரிகையில் அப்போது ஒரு மாயாஜாலத் தொடர்கதை ஓடிக்கொண்டிருந்தது. அறுபதுகளின் கடைசி, எனக்குப் பத்து வயது இருக்கும். பத்திரிகை வருகிற நாளில் மட்டும் நான் பள்ளிக்கூடம் விட்டதும் விளையாடப் போகாமல் ஓடி வந்து குவியலுக்கு முன்னால் இடம் பிடித்துவிடுவேன். எனக்காக அத்தை வாசிக்காமல் காத்திருப்பாள், கூலிக்கு வந்த பெண்கள் முணுமுணுத்தாலும் காத்திருப்பாள்.

கதை இதுதான். ஒரு ராஜா மகளை மந்திரவாதி ஒருவன் வெள்ளைக் கொக்காக மாற்றிவிடுகிறான். அழுதுகொண்டே பறந்து போன அவள், போகப் போக ஏழு கடலையும் தாண்டி எத்தனையோ தேசங்களைப் பார்க்கிறாள், பனிமலை பார்க்கிறாள், பேசும் மரங்களோடு பேசுகிறாள். அவளைக் கட்டிக்கொள்ளப் பேசி வைத்திருந்த ராஜகுமாரன் காடு மேடெல்லாம் அலைந்து ஒரு மூலிகையைக் கொண்டு வருகிறான். அதைத் தின்றால் அவள் மறுபடியும் பெண்ணாகிவிடுவாள், ஆனால் கொக்காக இருந்தபோது பார்த்தது, கேட்டது, கற்றது அத்தனையும் மறந்து போகும். மூலிகையை அவள் அலகுக்கு நேரே அவன் நீட்டுகிற இடத்தில் கதைக்காரர் ஒரு வாரம் 'தொடரும்' போட்டார் பாருங்கள், எங்கள் பின்கட்டே இரண்டாகிவிட்டது.

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் இருந்தது. வாசித்து முடித்ததும் பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு, மூலையில் உட்கார்ந்திருப்பவளிடம் தொடங்கி ஆளுக்கொரு தீர்ப்புச் சொல்ல வேண்டும். ஒன்றும் தோன்றவில்லை என்று தப்பிக்க முடியாது. வாசித்தவள் கடைசியில் சொல்ல வேண்டும். 'கதைப் பஞ்சாயத்து' என்று அதற்குப் பெயர். கூலிக்கு வரும் முத்தக்காவுக்கு ஓர் எழுத்துக்கூடத் தெரியாது, ஆனால் பஞ்சாயத்தில் அவள் குரல்தான் முதல் குரல். மழை பொய்த்து எங்கள் பக்கத்துக் கம்மாயெல்லாம் வெடித்துக் கிடந்த வருஷம் அது. “கம்மாயில தண்ணி இல்லாட்டி கொக்கு என்னத்தைத் திங்கும்? மருந்தைத் தின்னுட்டு அரமனையில சோறு திங்கச் சொல்லுங்க” என்று அவள் சொன்னதும் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். எங்கள் அம்மா, பெற்றவள் மனசு என்ன பாடுபடும், மகள் வீடு திரும்பினால் போதாதா என்றாள். நான் ராஜகுமாரன் பக்கம். அவன் அவ்வளவு தூரம் நடந்திருக்கிறானே என்பது என் கட்சி. அத்தை மட்டும், தின்னக் கூடாது என்றாள். பார்த்ததெல்லாம் மறந்து போகும் என்றால் திரும்பி வருகிறவள் வேறு யாரோதான், அவளைக் கட்டிக்கொண்டு அந்த ராஜகுமாரன் என்ன செய்யப் போகிறான் என்று கேட்டாள். எப்போதும் முந்திக்கொள்ளும் முத்தக்காகூடத் தலையைக் குனிந்து வத்தலைக் கிள்ள ஆரம்பித்துவிட்டாள். கதைக்காரரும் அடுத்தடுத்த வாரங்களில் மந்திரவாதியின் சண்டையை நடுவில் கொண்டு வந்து, மூலிகையை அப்படியே அந்தரத்தில் நிறுத்தி வைத்துவிட்டார்.

இப்படி இருக்கையில்தான் காரியாபட்டியிலிருந்து அத்தைக்கு ஒரு சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளைக்கு மதுரையில் ஒரு மில்லில் ஆபீஸ் வேலை. அவர் அம்மாவோடு வந்து பெண் பார்த்தபோது, எல்லா மாப்பிள்ளைகளும் கேட்கிற கேள்விகளையெல்லாம் விட்டுவிட்டு, படிக்கப் பிடிக்குமா என்று கேட்டார். தான் குடியிருக்கிற தெருவுக்குப் பக்கத்திலேயே நூலகம் இருக்கிறது என்றும் சொன்னார். அவர்கள் போன பிறகு அத்தை என்னைக் கூட்டிக்கொண்டு மாடிக்குப் போனாள். “பாப்பா, நான் மதுரைக்குப் போறேன்டி” என்று சொல்லிவிட்டு முகத்தை மூடிக்கொண்டாள். யாரையும் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருந்தவள், இவரை மனதார வேண்டும் என்றாள். இதை நீங்கள் மறந்துவிடக் கூடாது. பின்னால் நடந்தது எல்லாவற்றிலும் எனக்கு உறுத்துவது இதுதான்.

பெண் பிடித்துப் போனாலும் உடனே பூ வைத்து உறுதி செய்துவிட மாட்டார்கள். மாப்பிள்ளை வீட்டுப் பெண் ஒருத்தி, சும்மா அந்தப் பக்கம் வந்தது போல முன்னறிவிப்பில்லாமல் வந்து, பெண் வீட்டில் எப்படி இருக்கிறாள், என்ன பேசுகிறாள் என்று பார்த்துவிட்டுப் போவார். போனவர் வீட்டுக்குத் திரும்பி நல்ல வார்த்தை சொன்னால் காரியம் நடக்கும். ஒன்றும் சொல்லாமல் இருந்துவிட்டால் பிடிக்கவில்லை என்று பொருள். அப்படி வந்தவர் மாப்பிள்ளையின் அக்கா ராஜாமணி. காரியாபட்டியிலேயே ஒரு தவச தானியக் கடைக்காரருக்கு வாழ்க்கைப்பட்டவர். ஒடிசலாக, அதிகம் பேசாதவராக இருந்தார். அவர் வந்த அன்று பின்கட்டில் வாசிப்பு நடந்துகொண்டிருந்தது. அம்மா பதறிப்போய்ப் பாய் விரிக்க ஓடினாள். அவரோ அதெல்லாம் வேண்டாம் என்று முந்தானையை மூக்கில் கட்டிக்கொண்டு எங்களோடு குவியலைச் சுற்றி உட்கார்ந்துவிட்டார். அந்தத் தொடரைத் தானும் விடாமல் படிப்பதாகவும், பஸ் தங்கள் ஊர் வழியாக வருவதால் எங்களுக்கு முன்னாலேயே பத்திரிகை தங்கள் கைக்கு வந்துவிடும் என்றும் சொன்னார்.

வாசித்து முடிந்ததும் பஞ்சாயத்து. விருந்தாளி ஆயிற்றே என்று யாராவது விட்டிருக்கலாம். முத்தக்கா விடவில்லை. நீங்களும் ஒரு தீர்ப்பு சொல்லுங்க என்றாள். ராஜாமணி அக்கா கையிலிருந்த வத்தலைப் பார்த்துக்கொண்டே, தின்னத்தானே வேண்டும், வேறு என்ன வழி இருக்கிறது என்றார். அத்தையின் முறை வந்தது. வந்திருப்பது யார் என்பதை மறந்துவிட்டாளோ, கதை என்று வந்தால் அவளுக்கு வேறெதுவும் நினைவில் நிற்காதோ தெரியாது. “தின்னக் கூடாது மதினி. அவ பறந்து பறந்து கத்துக்கிட்டது அவளோடதுல்ல? அதை யாரு திருப்பிக் கேக்க முடியும்?” என்றாள். ராஜாமணி அக்கா நிமிர்ந்து அவளைப் பார்த்தார். அதற்கப்புறம் பஸ்ஸுக்குக் கிளம்பும் வரை அவர் ஒரு வார்த்தை பேசவில்லை.

வீட்டுக்குப் போயும் பேசவில்லை. அவருடைய அம்மா துளைத்துத் துளைத்துக் கேட்டபோது, பின்கட்டில் நடந்த கதைப் பேச்சை மட்டும் சொல்லியிருக்கிறார். அது கல்யாணத் தரகர் வாய்க்கு வந்தபோது, பெண்ணுக்குக் குடும்பம் நடத்துகிற எண்ணமே இல்லையாம் என்று ஆகிவிட்டது. எங்கள் கடைத்தெருவுக்கு வந்தபோது, பெண் பறந்து போய்விடுவேன் என்று சொன்னாளாம் என்று வளர்ந்துவிட்டது. அட, கதைக்குள் இருக்கும் ஒரு கொக்குக்குச் சொன்ன யோசனையை எடுத்து வந்து ஒரு பெண்ணின் தலையில் கட்டுவார்களா? கட்டினார்கள். கணக்கு வழக்கில் புலியான மனிதர்கள் எல்லாம் எங்கள் வீட்டு முன்கட்டில் கூடி உட்கார்ந்து, அந்த மூலிகையைத் தின்பதா வேண்டாமா என்று முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டு பேசினார்கள். அதுவரை ஒரு கதைகூடப் படித்திராத பெரியப்பா, அந்த மந்திரவாதி எந்த ஊர்க்காரன் என்று விசாரித்தார். சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் அம்மா அடுப்படிக்குள்ளேயே இருந்தாள்.

அப்பா பத்திரிகையை நிறுத்தினார். பின்கட்டில் வாசிப்பும் நின்றது. ராஜாமணி அக்கா இன்னொரு தடவை வந்து பெண்ணிடம் தானே பேசிவிட்டுச் சொல்வதாகத் தகவல் வந்தபோது வீட்டுக்கு மூச்சு வந்தது. சோதித்துப் பார்க்கத்தான் வருகிறார் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. அதற்குள் அத்தையின் வாயிலிருந்து சரியான பதிலை வரவழைத்துவிட வேண்டும் என்று ஆளாளுக்கு அவளைப் பிடித்துக்கொண்டார்கள். அவள் ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னாள்.

“எனக்காகவா சொன்னேன் அண்ணே? அவளுக்குல்ல சொன்னேன்.”

அப்பா கோபக்காரர் இல்லை. அவர் கெஞ்சியதுதான் பார்க்கச் சகிக்கவில்லை. “ஒரு வார்த்தை, கனகு. தின்னட்டும்னு சொல்லிட்டுப் போயேன். அது என்ன நம்ம வீட்டுக் கொக்கா?” என்றார். அத்தை அன்று முழுக்கச் சாப்பிடவில்லை. அந்த மாப்பிள்ளையும் வேண்டும், மதுரையும் வேண்டும், தான் சொன்ன சொல்லும் தனக்கு வேண்டும். மூன்றையும் சேர்த்து வைத்துக்கொள்ள அந்தக் காலத்தில் எங்கள் ஊரில் ஒரு பெண்ணுக்கு வழி இருந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. மறுநாள் சரி என்று தலையாட்டினாள். அப்பா சொல்ல வேண்டியதைச் சொல்லிக் கொடுத்தார், அவள் பாடம் ஒப்பிப்பது போல ஒப்பித்துக் காட்டினாள்.

இந்த முறை பின்கட்டு இல்லை. முன்கட்டில் ஜமுக்காளம் விரித்து, பெரியவர்கள் சுவரோரமாக உட்கார்ந்திருந்தார்கள். ராஜாமணி அக்கா அத்தையின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். நான் இருவருக்கும் நடுவில் ஒட்டிக்கொண்டிருந்தேன். சுற்றி வளைக்காமல், அந்தக் கதையைப் பற்றி இப்போது என்ன நினைக்கிறாய் என்று கேட்டார். கேட்கும்போது அவர் முகம் எவ்வளவு ஆவலாக இருந்தது என்பது எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. அத்தை தரையைப் பார்த்தபடி, இளவரசி மருந்தைத் தின்ன வேண்டியதுதான், பொம்பளைப் பிள்ளைக்குக் குடும்பம்தானே பெரிசு, முன்னால் சொன்னது விளையாட்டுக்கு என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள்.

ராஜாமணி அக்கா அத்தையின் குனிந்த தலையைப் பார்த்து, நடுவில் இருந்த எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி மெதுவாக, “நீயுமா, தாயி?” என்றார். எனக்கு அது என்னவென்று புரியவில்லை. அடுத்த நிமிஷம் அவர் பையிலிருந்து மல்லிகையை எடுத்து அத்தையின் தலையில் வைத்துவிட்டார். முன்கட்டில் எல்லோரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள், அம்மா பாயசத்துக்கு ஓடினாள்.

கல்யாணம் நன்றாகவே நடந்தது. மாமா தங்கமானவர், சொன்னபடி நூலகத்தில் அத்தையின் பெயரைச் சேர்த்தும் விட்டார். அவள் நாளிதழ் படித்துவிட்டு வருவாள், சமையல் குறிப்பு எழுதிக்கொண்டு வருவாள். கதைப் புத்தகத்தை மட்டும் எடுக்க மாட்டாள். கோடை விடுமுறைக்கு மதுரைக்குப் போகும்போதெல்லாம் நான் படித்த கதையைச் சொல்லி, நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் அத்தை என்று கேட்பேன். நல்லா இருக்கு என்பாள். எல்லாக் கதைக்கும் அதே நல்லா இருக்கு. ஆத்திரமாக வரும் எனக்கு. எங்கள் பின்கட்டையே வாயடைக்க வைத்தவளின் வாயில் அந்த இரண்டு வார்த்தையைக் கேட்கும்போது, யாரையாவது அடிக்க வேண்டும் போல இருக்கும். அந்தத் தொடர் எப்படி முடிந்தது என்று எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது.

வெகுகாலம் கழித்து ராஜாமணி அக்கா உடம்புக்கு முடியாமல் மதுரை ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அத்தைதான் கூட இருந்து பார்த்தாள். அங்கேதான் அவர் வாய் திறந்திருக்கிறார். கல்யாணத்துக்கு முன்னால் அவர் டீச்சர் டிரெயினிங் முடித்து ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தவராம். புகுந்த வீட்டில் அந்த வேலையை விடச் சொன்னார்கள். அதைப் பற்றிப் பேசவும் கூடாது என்றார்கள். பேசாமல் இருந்து இருந்து, பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்த பாட்டுகூட நினைவில் இல்லாமல் போயிற்று என்று அழுதாராம். இதை அத்தை என்னிடம் சொன்னது, அவர் இறந்து காரியமெல்லாம் முடிந்து வீடு வெறிச்சென்று கிடந்த ஒரு மத்தியானத்தில்.

“மொத தடவை நான் சொன்னதைக் கேட்டு வாயைத் தொறந்தா அழுதுருவோம்னு அவுகளுக்கு ஆயிருச்சாம்டி. அதான் பேசல. ரெண்டாவது வந்தது சோதிக்க இல்ல. அதே வார்த்தையை இன்னொரு தரம் என் வாயால கேக்கணும்னு வந்திருக்காக. துணை தேடி வந்தவுகளை நான் தனியா அனுப்பிட்டேன்.”

நீங்கள் என்ன செய்வீர்கள், உங்களைத்தான் ஆளாளுக்கு நெருக்கினார்களே என்று நான் சொன்னேன். அவள் அதைக் காதில் வாங்கவே இல்லை.

இப்போது அருப்புக்கோட்டையில் அந்தப் பின்கட்டு இல்லை. இடத்தை விற்று, அங்கே செல்போன் கடையும் அதற்கு மேலே கம்ப்யூட்டர் வகுப்பும் வந்துவிட்டன. வாசிப்பதைக் கேட்டுக்கொண்டே கை வேலை செய்கிற கூட்டமும் இல்லை, முத்தக்காவும் இல்லை. நான் போனில் ஒரு வாசகர் குழுவில் இருக்கிறேன். டிராகன் பறக்கிற நாவல், செத்தவர்கள் எழுந்து வருகிற நாவல் என்று எல்லாவற்றையும் பிரித்து மேய்கிறார்கள். யாரோ ஒரு சின்னப் பெண், கதாநாயகி ராஜ்யத்தையும் வேண்டாம், புருஷனையும் வேண்டாம் என்று டிராகன்மேல் ஏறிப் போயிருக்க வேண்டும் என்று எழுதுகிறாள். பத்துப் பேர் சண்டைக்கு வருகிறார்கள், பத்துப் பேர் கை தட்டுகிறார்கள், அவள் அடுத்த நாவலுக்குப் போய்விடுகிறாள். அவள் வீட்டு முன்கட்டில் யாரும் கூடுவதில்லை. அந்த ஒன்றுக்காக இந்தக் காலத்தை நான் கும்பிடுகிறேன்.

போன மாதம் அத்தையைப் பார்க்கப் போயிருந்தபோது அந்தப் பெண் எழுதியதை வாசித்துக் காட்டினேன். கண் மங்கிவிட்டது, காது நன்றாகக் கேட்கிறது அவளுக்கு. இரண்டு தரம் வாசிக்கச் சொல்லிக் கேட்டாள். நீங்களும் ஒரு தீர்ப்புச் சொல்லுங்கள் அத்தை, உங்கள் பெயர் போட்டு இப்போதே அனுப்புகிறேன் என்றேன். அவள் உதடு அசைந்தது. வந்துவிட்டது என்றே நினைத்தேன்.

“சொல்லலாம்டி” என்றாள். “கேக்க வேண்டியவுக போயிட்டாகளே.”