பன்னுவின் பட்டு உருண்டை

தறி நின்றதும் அதன் அடியிலிருந்து இன்னொரு சத்தம் கேட்கும். வறுத்த வேர்க்கடலையின் ஓட்டை யாரோ நிதானமாக உடைத்துக்கொண்டிருப்பதுபோல், "கறுக் கறுக்" என்று. ஆரணியில் தறிக்காரர் தெருவில் பிறந்தவளான எனக்குத் தறிச்சத்தம் காதில் விழுவதே இல்லை, அது நின்றால்தான் ஏதோ குறைகிறது என்று தெரியும். ஆனால் அந்தக் "கறுக் கறுக்" கேட்டுவிட்டால் போதும், வீட்டில் இருக்கிற அத்தனை பேரும் போட்டது போட்டபடி எழுந்து, நெய்கிறவர் காலை விட்டு உட்காரும் தறிக்குழிக்குள் குனிந்து பார்ப்போம். மிதிக்கட்டைக் கயிற்றை வாயில் கவ்விக்கொண்டு, பழுப்பு நிறத்தில் ஒரு நாய்க்குட்டி, என்ன விஷயம் என்பதுபோல் எங்களை நிமிர்ந்து பார்க்கும்.

அதைக் களம்பூரிலிருந்து கொண்டுவந்தவர் நைனா. அப்பாவை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். அரிசி ஆலை வாசலில், லாரிச் சக்கரத்துக்குப் பக்கத்தில் கிடந்ததாம். அப்போது எங்கள் வீட்டில் எலித்தொல்லை. தறியில் நீளவாக்கில் ஓடுகிற பாவு நூலுக்குப் போடுகிற அரிசிக் கஞ்சியின் வாசனைக்கு வந்து இழை இழையாகக் கடித்துவிட்டுப் போகும். "ஊரு உலகத்துல எலிக்குப் பூனைய கொண்டாருவாங்க. இவரு நாய கொண்ணாந்துகீறாரு" என்று அம்மா முறத்தைக் கீழே வைக்காமலே சொன்னாள். பஸ்ஸில் வரும்போது நைனா வாங்கிக் கொடுத்த பன்னைச் சுற்றிய காகிதத்தோடு தின்றுவிட்டதால், என் தம்பி பாபு அதற்குப் "பன்னு" என்று பெயர் வைத்தான்.

கொஞ்ச நாளிலேயே எலியே தேவலை என்றாகிவிட்டது. நைனாவின் செருப்பு, என் பள்ளிக்கூடப் பையின் வார், துடைப்பத்தின் அடி, டிவி ரிமோட்டில் சத்தம் கூட்டுகிற பொத்தான், எல்லாம் பன்னுவின் வாய்க்குள் போய் வந்தன. கட்டிப் போட்டால் கட்டின கயிற்றைத் தின்றது. தறிக்காலில் வேப்பெண்ணெய் பூசினோம், ஒருமுறை முகம் சுளித்துவிட்டு நக்கிச் சுத்தம் செய்தது. மிளகாயை அரைத்துத் தடவினோம், தும்மித் தும்மிக் கடித்தது. தெருவில் ஆளுக்கொரு யோசனை. "முருங்கைய ஒடிச்சு வளக்கணும், குட்டிய அடிச்சு வளக்கணும்" என்றார் ஒருவர். அடித்தாலோ, அது விளையாட்டு என்று நினைத்து வாலை ஆட்டியது.

பக்கத்து வீட்டு ஸ்டெல்லா அக்காதான் வேறு மாதிரி சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போவதைத் தவிர மற்ற நாளெல்லாம் ராட்டையில் நூல் சுற்றுகிறவள் அவள். "பல்லு மொளைக்கிற வயசு, அது இன்னாடி பண்ணும்? வாய சும்மா உட்டா ஊர கடிக்கும், வாய்க்கு வேல குடுத்தா ஊட்ட காக்கும். நாய்க்கும் அதான், எங்கூட்டுக்காரருக்கும் அதான்" என்று சொல்லிவிட்டு, அவளே சிரித்தாள்.

சிரிப்பெல்லாம் ஒரு காலை வரைக்கும்தான். தறியில் ஒரு கல்யாணப் புடவை ஏறியிருந்தது. அரக்கு உடல், பச்சைக் கரை. பன்னு பின்பக்கமாக ஏறி, பாவின் ஓரத்தில் விரற்கடை அகலத்துக்கு இழைகளை மென்று அறுத்துவிட்டிருந்தது. நைனா கத்தவில்லை. அவர் கத்தாமல் பேசினால்தான் எங்களுக்குப் பயம். "இன்னொரு தபா பாவு பக்கம் வாய் வச்சுதுன்னா, எந்த லாரி கிட்ட எடுத்தேனோ அந்த லாரிகிட்டயே கொண்டுபோய் உட்டுருவேன்" என்றார். பாபு அன்று முழுக்கச் சாப்பிடவில்லை. நைனா சொன்னால் செய்கிறவர் என்பது எங்களுக்குத் தெரியும்.

அறுந்த இழைகளை ஒட்டியவள் அம்மா. அதுதான் அவள் வேலை. ஒரு பாவு நெய்து முடிந்தால், புதுப்பாவின் ஒவ்வொரு இழையையும் பழைய பாவின் முனையோடு முறுக்கிச் சேர்க்க வேண்டும். ஆயிரக்கணக்கான இழைகள், ஒன்றுகூட அறக் கூடாது, ஒன்றுகூட மாறக் கூடாது. வீடு வீடாகப் போய் அதைச் செய்வாள். எச்சில் தொட்ட விரலால் இழையைப் பிடித்து, கொஞ்சம் தளர்த்தி, கொஞ்சம் இழுத்து, எத்தனை சிக்கானாலும் அறாமல் எடுத்துவிடுவாள். "அவ கைக்கு நூலு பேசும்" என்று தெருவில் சொல்வார்கள்.

அன்று இழைகளை ஒட்டிக்கொண்டே அம்மா யோசித்திருக்கிறாள். குட்டிக்குப் பிடித்தது கஞ்சி வாசனை, அதற்கு வேண்டியது மெல்ல ஒரு பொருள். மத்தியானம், மூலையில் குவித்து வைத்திருந்த கழிவுப் பட்டுநூலை எடுத்து, எலுமிச்சம்பழ அளவுக்கு இறுக்கி இறுக்கி உருட்டி, கஞ்சியில் தோய்த்து வெயிலில் காயவைத்துப் பன்னுவின் முன்னால் போட்டாள். அது மோந்து பார்த்தது, கவ்வியது, குழிக்குள் கொண்டுபோய்ப் படுத்துக்கொண்டது. அதற்குப் பிறகு தறிப்பக்கமே அது திரும்பவில்லை. பிய்ந்துபோனால் அம்மா இன்னொன்று உருட்டிக் கொடுப்பாள். நைனாவே, "பரவால்லியே, பட்டு துன்ற நாயி நம்மூட்ல மட்டும்தான் கீது" என்று எதிர்வீட்டாரிடம் பெருமை பேசினார். அவர்கள் வீட்டு நாய்க்கும் இப்படி உருட்டிக் கொடுக்கலாமா என்று கேட்டுக்கொண்டு போனார்கள். களம்பூர் லாரிப் பேச்சு நின்றது. பாபு மறுபடி இரண்டு தட்டுச் சோறு சாப்பிட ஆரம்பித்தான்.

ஒரு நாள் காலையில் பன்னு எழுந்துவரவில்லை. மஞ்சளாக வாந்தியெடுத்திருந்தது. முதுகை வில்லாக வளைத்துக்கொண்டு நின்றது. அதன் பின்பக்கத்திலிருந்து, சாண் அளவுக்கு, அரக்கு நிறப் பட்டுநூல் ஒன்று தொங்கியது.

வேறு தெருவில், வேறு தொழில்காரர் வீட்டில் என்ன செய்திருப்பார்களோ தெரியாது. எங்கள் வீட்டில் நூல் தொங்கினால் எடுக்கத்தான் தெரியும். அம்மா கையைக் கழுவிக்கொண்டு வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். ஸ்டெல்லா அக்கா குட்டியின் தலையைப் பிடித்துக்கொண்டாள். அம்மா பாவுக்குக் காட்டுகிற அதே பொறுமையோடு, தளர்த்தி, இழுத்து, தளர்த்தி, இழுத்தாள். அரக்கு வந்தது, அப்புறம் பச்சை வந்தது. ஓரிடத்தில் நின்றது. பன்னு இதுவரை நாங்கள் கேட்டிராத ஒரு குரலில் கத்தியது. அம்மா ஒரு கணம் அப்படியே இருந்தாள். பிறகு இழுத்தாள். வந்துவிட்டது. "அறாம எடுத்துட்டா பாரு" என்று ஸ்டெல்லா அக்கா வாசலில் நின்றவர்களுக்கெல்லாம் சொன்னாள்.

சாயங்காலத்துக்குள் குட்டியின் வயிறு பலகையாகிவிட்டது. மறுநாள் விடிந்ததும் நைனா வண்டியை எடுத்தார். நான் பின்னால் உட்கார்ந்து, அம்மாவின் பழைய புடவையில் சுற்றிய பன்னுவை மடியில் வைத்துக்கொண்டேன். மாட்டாஸ்பத்திரியில் டாக்டர் வயிற்றைத் தொட்டுப் பார்த்தார், நடந்ததைக் கேட்டார். நூல் உள்ளே குடல் முழுக்க ஓடிக் கிடக்கும், வெளியே தெரிகிறதே என்று இழுத்தால் அது குடலை அறுத்துவிடும், இழுக்காமல் கொண்டுவந்திருந்தால் ஏதாவது செய்து பார்த்திருக்கலாம் என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

"யார் இழுத்தது?"

"நான்தாங்க" என்றார் நைனா.

பன்னு அந்த மேஜையிலேயே போய்விட்டது. திரும்பும்போது கமண்டல நாகநதிப் பக்கம் வண்டியை விட்டு, மணலில் நைனா கையாலேயே பள்ளம் தோண்டினார். மூடிய பிறகு என்னிடம், "பாப்பா, ஊட்ல போயி நூலுன்ற பேச்சே எடுக்காத. எங்கியோ எலிமருந்து துன்னுட்ச்சுன்னு சொல்லிடலாம். அம்மா கை வேல செய்ற கையி" என்றார். நான் தலையாட்டினேன். வீட்டில் அவர் அப்படியே சொன்னார். பாபு அழுதான். அம்மா அடுப்பைப் பார்த்துக்கொண்டு கேட்டாள். செம்பருத்திக் கிளையை யாராவது ஒடித்தாலே தெருவைக் கூட்டுகிறவள், எந்த வீட்டில் மருந்து வைத்தார்கள் என்று கேட்கவில்லை. துக்கத்தில் கேட்கவில்லை என்று நாங்கள் நினைத்தோம்.

பாவு ஒட்ட அவள் போய்க்கொண்டுதான் இருந்தாள், போகாவிட்டால் முடியாது. ஆனால் முன்னைவிட நேரமாயிற்று. ஓர் இழை எங்காவது சிக்கினால் கையை எடுத்துவிட்டு வெறுமனே உட்கார்ந்திருப்பாள் என்று தறிக்காரர்கள் குறை சொன்னார்கள். கண் மங்குகிறது போல என்று நைனா பதில் சொல்லுவார்.

நைனா இப்போது இல்லை. அவர் காலை விட்டு உட்கார்ந்த குழியை மண் கொட்டி மூடி, பாபு மேலே டைல்ஸ் போட்டுவிட்டான். ஆற்றில் அன்று பள்ளம் தோண்டிய இடத்தைத் தேடிப் போனால் மணலே இல்லை, வாரிக்கொண்டு போய்விட்டார்கள், கருவேல முள்தான் நிற்கிறது.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தேன். பாபுவின் மகள் ஒரு குட்டி வளர்க்கிறாள். அதற்குக் கடிக்கக் கடையில் விற்கிற ரப்பர் எலும்பெல்லாம் வாங்கிப் போட்டிருக்கிறார்கள், அப்படியும் அது எங்கேயோ பட்டம் விடுகிற நூலைத் தின்றுவிட்டு, வாயோரம் நூல் தொங்க வந்து நின்றது. பாபு குனிந்து அதைப் பிடித்தான்.

"கைய எடு" என்றாள் அம்மா, கட்டிலிலிருந்து. அவள் அவ்வளவு உரக்கப் பேசிப் பல வருஷமாகிவிட்டது. "யாரும் இழுக்காதீங்க. ஆட்டோவ கூப்பிடு. இழுக்காம அப்டியே தூக்கினு போவணும்."

மாட்டாஸ்பத்திரி வரைக்கும் குட்டியைத் தன் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தாள். உள்ளே மயக்க ஊசி போட்டு நூலை எடுத்துக்கொண்டிருந்தபோது, அம்மாவும் நானும் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். நூலை இழுக்கக் கூடாது என்று யார் சொன்னார்கள் என்று கேட்டேன். யாரும் சொல்லவில்லை என்றாள். நைனாவுக்கு அவள் தெரிந்துகொண்டது தெரியுமா என்று கேட்டேன்.

"அவருக்கு எதுக்கு? எனக்குத் தெரியாதுன்னுதான் அவரு நிம்மதியா இருந்தாரு."

சற்று நேரம் விரல்களைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"அன்னிக்கு ஒரு எடத்துல நின்னுச்சு பாரு, அப்பவே கைக்குத் தெரிஞ்சுது. பாவா இருந்தா உட்டுருப்பேன். நாய்தானேன்னு இழுத்தேன்."