ரப்பர் பால் வைத்து ஒட்டிய மீன்தொட்டி

இன்று வெள்ளறடையில் வண்ண மீன் கடைக்கு அண்ணனோடு போனேன். அவன் பேரனுக்கு வீட்டிலேயே தொட்டி கட்ட வேண்டுமாம்.

கடைக்காரர் கண்ணாடி ஒட்டும் சிலிக்கான் ட்யூபை நீட்டினார்.

“இதெதுக்கு? ரப்பர் பால் வச்சு ஒட்டினா போதாதா?” என்றான் அண்ணன்.

என் கை தானாக விறகுக்கட்டையைத் தேடியது.

தொண்ணூறுகளில் நானே கண்ணாடி வெட்டி ஒரு தொட்டி கட்டத் தொடங்கினேன். சிலிக்கான் வாங்க நெய்யாற்றின்கரைக்குப் போன நேரத்தில், இவன் ரப்பர் தோட்டத்துப் பாலில் உறைய வைக்கும் ஆசிட் கலந்து மூலைகளை ஒட்டி, தண்ணீர் நிறைத்து, மீனையும் விட்டுவிட்டான்.

நான் வீட்டுக்குள் கால் வைத்ததும் தொட்டி பிளந்தது. கண்ணாடி அவன் கெண்டைக்காலைக் கிழித்தது. ரத்தத்தில் மீன்கள் துள்ளின.

“எலே, நீ வெட்டின கிளாஸு கொள்ளாது, ஒரே கோணலு. பாலு நல்ல பாலாக்கும்” என்றான்.

விறகுக்கட்டையை எடுத்து அவன் தோளில் இறக்கினேன். அவன் கண்ணாடித் துண்டால் என் முழங்கையைக் கிழித்தான்.

ஒரே ஆட்டோவில் காரக்கோணம் ஆஸ்பத்திரிக்குப் போனோம். வழியெல்லாம் ஒருவரையொருவர் மிதித்தோம்.

“ரெண்டு பேரையும் ஆரு வெட்டினது?” என்று டாக்டர் கேட்டார்.

“மீன்தொட்டி” என்றோம், இருவரும் ஒரே குரலில்.

இன்று அண்ணன் வேட்டியைத் தூக்கிக் கடைக்காரரிடம் அந்தத் தழும்பைக் காட்டுகிறான். “அன்னைக்கு பாலு ஒணங்கல்ல, காயுததுக்கு முன்ன தண்ணி விட்டாச்சு. அதாக்கும் காரியம்.”

நீங்களே சொல்லுங்க மக்கா, ட்யூபை வாங்கட்டா, விறகை எடுக்கட்டா?